பப்பாளியில் வெங்காய வாடை

விகூன்யா,
செவ்வாய்க்கிழமை, அக்டோபர் 1996

மதிப்பிற்குரிய டாக்டர் அன்செல்மோ அராயா அவர்களுக்கு,

நான் பேசாமல் இருந்தது போதும். பதினோரு வருடமாக நாம் இருவரும் ஒரே ஆற்றுத் தண்ணீரைத்தான் குடிக்கிறோம். நான் மேலே பள்ளத்தாக்கில், நீங்கள் கீழே கடலோரத்தில். உங்கள் பெயரை இனிக் காகிதத்தில் எழுதுவதில்லை என்று இருந்தேன். இன்று எழுதிவிட்டேன். அதனால் மன்னித்துவிட்டேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். மன்னிப்பது பாதிரியாரின் தொழில். நான் பள்ளிக்கூட வாத்தியார். எங்களுக்கு மதிப்பெண்ணைக் குறைக்கத்தான் தெரியும்.

விஷயத்துக்கு வருகிறேன். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை லா செரேனாவில், பல்கலைக்கழக மண்டபத்தில், சந்தியாகோவிலிருந்து அமைச்சர் வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருக்க, நீங்கள் ஒரு மஞ்சள் நட்சத்திரத்தைப் பற்றிப் பேசப் போகிறீர்கள். அது பால்வீதிக்கு வெளியே உள்ள அந்தச் சின்ன விண்மீன் திரளைச் சேர்ந்தது என்றும், அத்தனை தூரத்திலிருந்தும் இவ்வளவு வெளிச்சமாகத் தெரிவதால் இதுவரை கண்ட மஞ்சள் பூத நட்சத்திரங்களில் அதுவே பெரியது என்றும் சொல்லப் போகிறீர்கள். அது அந்தத் திரளில் இல்லை என்று நான் நினைக்கிறேன். அது நம் பால்வீதியில், நம் வாசலிலேயே நிற்கும் சாதாரண நட்சத்திரம். நம் சூரியனுக்குத் தம்பி மாதிரி. திரள் அதற்குப் பின்னால் எங்கோ கிடக்கிறது. நாம் நிற்கிற இடத்திலிருந்து பார்ப்பதால் ஒன்றன் தோளில் ஒன்று கை போட்டிருப்பதுபோல் தெரிகிறது, அவ்வளவுதான்.

எனக்கு நிச்சயமில்லை. நிச்சயம் செய்யக்கூடிய பொருள் உங்களிடம்தான் இருக்கிறது. அது என்னவென்று கீழே சொல்கிறேன். அதைப் பார்க்காமல் வெள்ளிக்கிழமை மேடை ஏறாதீர்கள். இந்தக் கடிதம் சொல்ல வந்தது இதுதான். மற்றதெல்லாம் மனத்தில் கிடந்த கசடு. அதையும் சேர்த்துத்தான் அனுப்புகிறேன்.

உங்கள் கட்டுரை எனக்கு எப்படிக் கிடைத்தது என்று கேட்பீர்கள். மலைமேல் வானாய்வகத்துக்கு வேன் ஓட்டும் வெனான்சியோதான் கொண்டுவந்தார். சனிக்கிழமை சந்தையில் என்னைப் பிடித்துக்கொண்டு, "புரொஃபசர், உங்களுக்கு ஒண்ணு கொண்டாந்திருக்கேன். மேல சாப்பாட்டுக் கூடத்துத் தட்டியில குத்தியிருந்தாங்க, ஒரு நகல் எடுத்துட்டேன். எல்லாரும் படிச்சிட்டுத் தலையாட்டுறாங்க. நீங்க ஒருத்தராச்சும் படிச்சிட்டுத் திட்டுங்க, கேக்க நல்லாருக்கும்" என்றார். எனக்கு அதில் அக்கறை இல்லை, நான் வாங்கிய வெண்ணெய்ப் பழங்களை வேண்டுமானால் அதில் சுற்றிக் கொடுங்கள் என்றேன். அந்த மனிதர் உண்மையாகவே சுற்றிக் கொடுத்துவிட்டார். வீட்டுக்கு வந்து பழங்களைக் கூடையில் கொட்டிவிட்டுக் காகிதத்தை நீவி நீவி எடுத்தேன்.

உங்கள் எழுத்து மாறவேயில்லை. ஒரு பத்தியில் நான்கு "எனவே". நான் கூட இருந்திருந்தால் இரண்டை வெட்டியிருப்பேன்.

நான் எப்படி இருக்கிறேன் என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். பள்ளியில் அதே பத்தாம் வகுப்பு, அதே நெம்புகோல், அதே கண்ணாடி வில்லை. புதிதாக வந்த தலைமையாசிரியருக்கு இயற்பியலும் உடற்பயிற்சியும் ஒன்று. மழை வந்தால் என்னை மைதானத்துக் கூரையைப் பார்க்கச் சொல்கிறார். பிள்ளைகள் நல்ல பிள்ளைகள்தான், ஆனால் வகுப்புக்கு ஒருவனாவது பறக்கும் தட்டைப் பார்த்திருக்கிறான். அவனுடைய அத்தை அதில் ஏறியே போயிருக்கிறாள். இந்தப் பள்ளத்தாக்கில் பறக்கும் தட்டைப் பார்க்காமல் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவன் நான் ஒருவன்தான் போலிருக்கிறது.

நகராட்சி, சதுக்கத்தைச் சுற்றி மஞ்சள் சோடியம் விளக்குகளை நட்டுவிட்டது. கோயில் கோபுரத்துக்கு அடியில் நின்றால் இப்போது தென்சிலுவைகூட மங்கல். மேயருக்கு எத்தனையோ கடிதம் எழுதினேன், எல்லாவற்றிலும் முழுப் பெயர், படிப்பு, முகவரி எல்லாம் போட்டு. ஒன்றுக்கும் பதில் இல்லை. போன மாதம் இன்னும் நான்கு விளக்கு நட்டார்கள். அதில் ஒன்று சரியாக என் சன்னலுக்கு எதிரே.

அந்த விளக்குகளை நினைத்துக்கொண்டிருந்ததால்தான் உங்கள் கட்டுரையில் சந்தேகமே வந்தது. உங்கள் நட்சத்திரத்தின் நிறமாலையில் சோடியத்தின் இரட்டைக் கோடு அதன் சொந்த இடத்திலேயே, கொஞ்சமும் நகராமல் நிற்கிறது. அந்தத் திரள் நம்மைவிட்டு விலகி ஓடிக்கொண்டிருக்கிறது. அதில் உள்ள நட்சத்திரத்தின் கோடு சிவப்புப் பக்கம் நகர்ந்திருக்க வேண்டும். நீங்கள் அந்தக் கோட்டின் மேல் ஒரு அம்புக்குறி போட்டு, "வழியில் உள்ள வாயு" என்று எழுதியிருக்கிறீர்கள். எழுதலாம். வழியில் உள்ள வாயுவும் அப்படி ஒரு கோட்டைப் போடும், நாம் இருவரும் பலமுறை பார்த்திருக்கிறோம். ஆனால் அந்தத் திசையில் பால்வீதி மெலிந்த இடம். அவ்வளவு ஆழமான கோடு போடும் அளவுக்கு அங்கே வாயு ஏது? அந்த அம்புக்குறியைப் பார்த்ததும் கடந்த பதினோரு வருடமும் மறந்துபோய், "கம்பாத்ரே, இது என்ன அவசரம்!" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.

பார்த்தீர்களா, எழுதியும் விட்டேன். யஸ்னாவின் ஞானஸ்நானத்தில் நீங்கள் என் மகளைக் கையில் ஏந்தி ஞானத் தகப்பனாக நின்ற நாளிலிருந்து நாம் ஒருவரை ஒருவர் கம்பாத்ரே என்றுதான் கூப்பிட்டோம். அந்தச் சொல்லை இதில் எழுதுவதாக இல்லை. பழக்க தோஷம். அடித்தால் பக்கம் அசிங்கமாகும், இருந்துவிட்டுப் போகட்டும்.

நான் வாய்விட்டுச் சொன்னது என் வீட்டுக்காரி நெலிதா காதில் விழுந்துவிட்டது. அவள் அடுக்களையில் பப்பாளியைப் பாகில் போடுவதற்கு அரிந்துகொண்டிருந்தாள். "என்ன கிழவா, சனிக்கிழமையிலருந்து அந்தக் காகிதத்தையே மொறைச்சுக்கிட்டிருக்க. அன்செல்மோ அதுல உன்னைத் திட்டியிருக்காரா?" என்றாள். என் பெயரே அதில் இல்லை என்றேன். "ஓ, அதான் கோவமா?" என்றாள். அவளுக்கு ஐம்பது வயதாகிறது, நாக்கு மட்டும் அப்படியே இருக்கிறது.

அவளிடம் விளக்கிச் சொன்னேன். உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. ஆனால் அவளுக்குச் சொல்லும்போதுதான் எனக்கே முழுதாகத் தெளிந்தது, அதனால் அப்படியே எழுதுகிறேன். தொலைநோக்கியில் வரும் ஒளியை நாம் நேராகப் பிரித்துப் பார்ப்பதில்லை. ஒரு மெல்லிய பிளவு வழியாக விட்டு, அதில் நுழைந்ததை மட்டும் நிறம் நிறமாகப் பிரிக்கிறோம். அந்தப் பிளவை வானத்தில் எந்தச் சாய்வில் வேண்டுமானாலும் திருப்பி வைக்கலாம். உங்கள் இரண்டாம் படத்தில் பிளவை ஒரு வெள்ளைக் கோடாக வரைந்து காட்டியிருக்கிறீர்கள். அது நட்சத்திரத்தின் மேலே தொடங்கி, திரளின் பளபளக்கும் வயிற்றைக் கிழித்துக்கொண்டு நீளவாக்கில் போகிறது. ஒரே வேளையில் இரண்டு வேலை. தொலைநோக்கி நேரம் அரிது, நாம் எல்லாருமே அப்படித்தான் செய்தோம். ஆனால் அன்று காற்று நடுங்கிக்கொண்டிருந்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். காற்று நடுங்கினால் திரளின் ஒளி வழிந்து நட்சத்திரத்தின் மேல் விழும். நட்சத்திரத்தின் நிறமாலையில் நீங்கள் கண்டு மகிழ்ந்த, சிவப்புப் பக்கம் நகர்ந்த ஹைட்ரஜன் கோடுகள் திரளின் வாயு போட்ட கோடுகளாக இருந்தால்? நீங்கள் திரளின் தூரத்தை இரண்டு முறை அளந்துவிட்டு, இரண்டு விடையும் பொருந்துகிறதே என்று சந்தோஷப்பட்டிருக்கிறீர்கள் என்று ஆகும்.

நெலிதா கையில் இருந்த கத்தியைப் பார்த்தாள். அதே கத்தியால் சற்றுமுன் வெங்காயம் நறுக்கியிருந்தாள், நான் அதற்கும் முணுமுணுத்திருந்தேன். "அப்போ பப்பாளியில வெங்காய வாடை அடிச்சா, பப்பாளி வெங்காயக் கொல்லையில காய்ச்சதுன்னு சொல்லிடுவாரா அவரு?" என்றாள்.

அதேதான் என்றேன்.

"இதுக்கா அமைச்சர் வர்றாரு?" என்றாள்.

பிறகு மிச்சத்தையும் அரிந்து முடித்தாள். கத்தியைக் கழுவினாள். "பாவம்" என்றாள். யாரைச் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. பிளவைத் திருப்பி, நட்சத்திரத்தின் மேல் மட்டும் குறுக்காக வைத்து மறுபடி எடுத்துப் பார்ப்பதுதான் சரியான வழி. வெள்ளிக்குள் அதற்கு நேரம் கிடைக்காது, தெரியும். வேண்டியதும் இல்லை. பதில் உங்களிடமே இருக்கிறது, வெட்டி எறிந்த ஓரத்தில்.

உங்கள் நிறமாலைப் படங்கள் எல்லாமே சிவப்பு முனைக்கு முன்னால் முடிந்துவிடும். இதிலும் அப்படித்தான். அந்த முனையில் நம் காற்றின் சொந்த ஒளி முள்முள்ளாகக் குத்திக்கொண்டு நிற்கும், படம் அசிங்கமாகிவிடும் என்று வெட்டிவிடுவீர்கள். மலையில் எல்லாரும் வெட்டுவார்கள், ஆனால் உங்களைப் போல் ஆசையாக வெட்டுபவரை நான் பார்த்ததில்லை. செப்டம்பர் பதினெட்டு, தேசிய நாளுக்கு என் வீட்டுக் கொல்லையில் இறைச்சி சுடும்போதும் நீங்கள் கொழுப்பை ஓரம் விடாமல் சீவி எடுத்து மேசைக்கு அடியில் நாய்க்குப் போடுவீர்கள். அந்தக் கபித்தான் உங்களை என்னைவிட அதிகமாக நேசித்தது. செத்துவிட்டது. இப்போது இருப்பது அதன் மகள். பெண்தான், ஆனாலும் பெயர் கபித்தான். அதற்கும் கொழுப்பு பிடிக்கும், போடத்தான் ஆள் இல்லை. நான் கொழுப்போடு தின்பவன்.

அந்த ஓரத்தில் கால்சியத்தின் மூன்று கோடுகள் இருக்க வேண்டும். வழியில் உள்ள வாயுவால் அவற்றைப் போட முடியாது. திரளின் வாயுவாலும் முடியாது. ஒரு நட்சத்திரத்தின் உடம்புதான் போடும். அந்த இரவின் பதிவு இருக்கும் பழைய காந்த நாடாவை எடுத்து, வெட்டாத நிறமாலையை விரித்து, முட்களைக் கழித்துவிட்டு அந்த மூன்றையும் தேடுங்கள். ஒரு காலைப்பொழுது வேலை. அவை திரளின் கோடுகளோடு சேர்ந்து நகர்ந்திருந்தால் நட்சத்திரம் அங்கேதான் இருக்கிறது, நீங்கள் ஜெயித்தீர்கள், இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடுங்கள். நான் எரிச்சல் பிடித்த ஒரு பள்ளிக்கூட வாத்தியார், வேறு வேலையில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அவை சொந்த இடத்திலேயே நின்றால், அந்த நட்சத்திரம் நம்முடையது. தூரத்தில் நிற்கும் பெரிய விளக்கு என்று நினைத்தது பக்கத்தில் நிற்கும் சின்ன விளக்கு. மஞ்சள் நட்சத்திரங்கள் எத்தனை பேரை இப்படி ஏமாற்றியிருக்கின்றன! இரவில் கணவாய்ப் பாதையில் ஒற்றை வெளிச்சம் தெரிந்தால் அது தூரத்து லாரியா, பக்கத்துச் சைக்கிளா என்று இங்கே பிறந்தவனே தடுமாறுகிறான். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மேடையில், அமைச்சருக்கு முன்னால், இன்னொருவர் வாயால் கேட்டுத் தெரிந்துகொண்டால்தான் வெட்கம்.

அந்த இன்னொருவர் வருகிறார் என்று வெனான்சியோ சொன்னார். "விமான நிலையத்துலருந்து ஹார்ட்விக் ஐயாவை நான்தான் கூட்டிட்டு வரணும். முன்வரிசையாம். ஆரஞ்சுப் பழச்சாறு வாங்கி வெக்கச் சொல்லியிருக்காங்க" என்றார். அப்படியானால் உங்கள் பேச்சு முடிந்ததும் முதலில் கை தூக்கப் போவது அவர்தான். "டாக்டர் அராயா, அந்தச் சிவப்பு ஓரம் எங்கே?" என்று கேட்பார். மிக மரியாதையாகக் கேட்பார். கேட்டுவிட்டு அந்தச் சிரிப்புச் சிரிப்பார். அந்தச் சிரிப்பு உங்களுக்கும் தெரியும்.

பதினோரு வருடத்துக்கு முன் நடந்த விசாரணையிலும் அதே சிரிப்புத்தான். நான் எழுதாவிட்டால் நீங்கள் மறந்துவிட்டதாகக் காட்டிக்கொள்வீர்கள், ஆகவே எழுதுகிறேன். கடலிலிருந்து மூடுபனி மலையேறி வருகிறது, தொலைநோக்கிக் கூடத்தின் கூரையை மூட வேண்டும் என்று நான் சொன்னேன். இன்னும் அரை மணி நேரம் என்று அவர் சொன்னார். விருந்தாளி, பெரிய மனிதர், அவர் சொன்னால் சொன்னதுதான். நீங்கள் எங்கள் இருவருக்கும் நடுவில் கையில் காப்பிக் கோப்பையோடு நின்றீர்கள். தொலைநோக்கியின் கண்ணாடி நனைந்து பாழானது. மறு வாரம் விசாரணையில், கூரை விஷயத்தில் யார் என்ன சொன்னார்கள் என்று உங்களைக் கேட்டார்கள். நீங்கள் உங்கள் காலணியைப் பார்த்தீர்கள். பழுப்பு நிறம், புதிது. "எனக்கு நினைவில்லை" என்றீர்கள். எனக்கு மலை போயிற்று.

நெலிதாவுக்கு உங்கள் மேல் கோபமே வரவில்லை. அது எனக்கு இன்னும் ஒரு மனத்தாங்கல். ஒவ்வொரு வருடமும் அதே பேச்சைச் சொல்வாள்: "அவரு வாயத் தொறந்திருந்தா ரெண்டு பேருக்கும் வேலை போயிருக்கும். அவரு பொண்டாட்டி ஹிமேனா அப்பவே ஆஸ்பத்திரிக்கு அலைஞ்சுக்கிட்டிருந்தா. இப்ப ஒருத்தருக்குத்தானே போச்சு? நீ கணக்கு வாத்தியார்தானே, போட்டுப் பாரு." நான் இயற்பியல் வாத்தியார் என்பேன். அந்தக் கணக்கை நான் இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை. ஒப்புக்கொள்ளவும் மாட்டேன். ஆனால் ஹிமேனா அலைந்துகொண்டிருந்தாள் என்பது எனக்கும் தெரியும். எங்கள் காரில்தான் இரண்டு முறை போனாள்.

ஆகவே, இப்போது என் முறை என்று நான் நினைத்ததை மறைக்கப் போவதில்லை. நானும் என் காலணியைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். எனக்கும் நினைவில்லை என்று இருக்கலாம். சனிக்கிழமை அந்த நினைப்போடு நன்றாகத் தூங்கினேன். ஞாயிற்றுக்கிழமை பூசையின் நடுவில்கூட மண்டபத்தைக் கற்பனை செய்தேன். அமைச்சர், பூங்கொத்து, ஆரஞ்சுச் சாறு, ஹார்ட்விக்கின் தூக்கிய கை. அவர் கேட்கிறார். நீங்கள் படத்தைத் திரும்பிப் பார்க்கிறீர்கள். உங்களுக்கு வெட்கம் வந்தால் முதலில் காதுதான் சிவக்கும், கன்னம் பிறகுதான். அந்தக் காது வரைக்கும் கற்பனையில் போனேன். அதற்கு மேல் போக முடியவில்லை. எத்தனை முறை முயன்றாலும் அங்கேயே நின்றுவிடுகிறது.

உங்களை ஒரு மேடையிலிருந்து இறக்கிவிடும் உரிமை இந்த உலகத்தில் யாருக்காவது இருக்கிறது என்றால் அது எனக்குத்தான் இருக்கிறது. அதை நான் அந்த ஆளுக்கு விட்டுக்கொடுப்பதாக இல்லை.

மலையில் இருக்கும் சின்னவர்கள் யாரும் உங்களிடம் சொல்லவில்லையா என்று யோசித்தேன். சொல்ல மாட்டார்கள். நீங்கள் இப்போது எல்லாருக்கும் "டான் அன்செல்மோ", மரியாதைக்குரிய பெரியவர். ஓய்வுபெறும் வருடம், அமைச்சர் வருகை, ஊர்க்காரர் ஒருவர் கண்டுபிடித்தது என்று எல்லாருக்கும் சந்தோஷம். சந்தோஷமாக இருப்பவர்கள் படத்தின் ஓரத்தைப் பார்ப்பதில்லை. அதற்கு என்னைப் போல் ஒருவன் வேண்டும்.

ஹிமேனாவின் அடக்கத்துக்கு நான் வந்திருந்தேன். உங்களுக்குத் தெரியாது. கடைசித் தூணுக்குப் பின்னால் நின்றேன், துக்கம் கேட்க எல்லாரும் வரிசை கட்டும் முன் வெளியே வந்துவிட்டேன். உங்கள் கறுப்புக் கோட்டில் நடுப்பொத்தான் நூலில் தொங்கிக்கொண்டிருந்தது. பேருந்தில் திரும்பும் வழியெல்லாம் அந்தப் பொத்தான்தான். நெலிதாவிடம் சொன்னதும், "ஊசி நூலு என் பையிலயே இருந்துச்சே. என்னையும் கூட்டிட்டுப் போயிருக்கலாம்ல?" என்று அழுதாள். அந்தக் கோட்டைத்தான் வெள்ளிக்கிழமையும் போடுவீர்கள் என்று நினைக்கிறேன். தைத்துவிட்டீர்களா என்று பாருங்கள்.

யஸ்னாவுக்குக் கல்யாணம். நவம்பர் கடைசி சனிக்கிழமை, நடுப்பகல், இங்கே சதுக்கத்துக் கோயிலில். பையன் கொக்கிம்போக்காரன், ஆட்டு வைத்தியன். நல்லவன்தான், சிரித்துக்கொண்டே இருக்கிறான், எதற்கென்று இன்னும் கண்டுபிடிக்கவில்லை. வந்த முதல் நாளே கபித்தானுக்கு உண்ணி எடுத்துவிட்டான், அதனால் எனக்கு அவன் மேல் பெரிய புகார் இல்லை. சின்னப் புகார்கள் உண்டு.

போன வாரம் யஸ்னா கேட்டாள்: "அப்பா, ஞானப்பாவுக்கு நீங்க சொல்றீங்களா, நான் போய்ச் சொல்லவா?" நான் செய்தித்தாளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டேன். அவள் அதைக் கீழே இறக்கினாள். "நீங்க ரெண்டு பேரும் பேசிக்காட்டி எனக்கென்ன? எனக்குச் சனி கிரகத்தோட வளையத்த மொதல்ல காட்டுனது அவருதான். நீங்க அன்னைக்கும் யாரு கூடயோ சண்டை போட்டுக்கிட்டிருந்தீங்க" என்றாள். உண்மைதான். ஜெனரேட்டர் ஆளோடு சண்டை. அவன் மேல்தான் தப்பு.

பாதிரியாரிடம் போய், பீடத்துக்குப் பக்கத்தில் ஞானத் தகப்பனுக்கு ஒரு நாற்காலி போடச் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். நான் சொல்லச் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

புதன்கிழமை காலை

நேற்று இதை முடித்து உறைக்குள் வைத்துவிட்டேன். நெலிதா கேட்காமலே எடுத்துப் படித்துவிட்டாள். படித்துவிட்டு அடியில் தேடினாள். "பேரு எங்க?" என்றாள். போடவில்லை என்றேன்.

அவள் சிரித்த சிரிப்பில் நாய் எழுந்து வெளியே போய்விட்டது. "மொட்டைக் கடுதாசியா? மகளோட கல்யாணத் தேதி, நாயோட பேரு, என்னோட வாய்த்துடுக்கு, எல்லாத்தையும் எழுதிட்டு மொட்டைக் கடுதாசி! இதுக்குப் போலீஸே வேணாம் கிழவா, தபால்காரன் மோந்து பாத்தே சொல்லிடுவான்" என்றாள். கொஞ்சம் அடங்கியதும், "கோடி கோடி மைலு தள்ளி இருக்கறது பக்கத்துல இருக்கா தூரத்துல இருக்கான்னு வீட்டுல உக்காந்தே சொல்லிடுற. லா செரேனா ஒரு மணி நேரத்து பஸ்சுதான்னு உனக்கு யாரு சொல்லணும்? நேர்ல போய்ச் சொல்லிட்டு வாயேன்" என்றாள்.

போக மாட்டேன் என்றேன். ஏன் என்று அவளுக்குச் சொல்லவில்லை. உங்களுக்குச் சொல்கிறேன்.

நான் நேரில் வந்தால் நீங்கள் நன்றி சொல்வீர்கள். பெயர் போட்டு எழுதினாலும் கட்டுரையின் கடைசியில் என் பெயரைப் போட்டு நன்றி சொல்வீர்கள், நீங்கள் அப்படிப்பட்ட ஆள். ஹார்ட்விக் அதைப் படித்துவிட்டு, யார் காப்பாற்றினார்கள் என்று தெரிந்துகொள்வார். வேண்டாம். ஓரத்தை நீங்களே திரும்பப் பார்த்தீர்கள், தப்பை நீங்களே கண்டுபிடித்தீர்கள், அதை அமைச்சர் முன்னால் நீங்களே சொல்கிறீர்கள். வாசலில் நிற்கும் நட்சத்திரத்தைப் பூதம் என்று நினைத்த கதையை நீங்கள் சொன்னால் மண்டபமே சிரிக்கும், உங்களோடு சேர்ந்து சிரிக்கும். முன்பெல்லாம் நன்றாகக் கதை சொல்வீர்கள். காது சிவக்கத் தேவையிருக்காது. அந்த ஆள் தூக்க வைத்திருந்த கையை மடியில் வைத்துக்கொண்டு ஆரஞ்சுச் சாறு குடிக்கட்டும்.

இன்னொன்று. நீங்கள் நன்றி சொன்னால் நான் பரவாயில்லை என்று சொல்ல வேண்டிவரும். பரவாயில்லை என்று சொல்ல எனக்கு இன்னும் வரவில்லை. பரவாயில்லை என்று ஆகவும் இல்லை. நீங்கள் அன்று காலணியிலிருந்து கண்ணை எடுத்து ஒரு முறை என்னைப் பார்த்திருந்தால் போதும், வாயைத் திறந்திருக்கக்கூட வேண்டாம். அவ்வளவுதான் என் வழக்கு. இதை யாரிடமும் சொன்னதில்லை, நெலிதாவிடம்கூட. இதை எழுதிய கையோடு உறையை ஒட்டிவிட்டேன், அவள் பார்க்கப் போவதில்லை என்று எழுத நினைத்தேன். பார்ப்பாள்.

நாடாவை அடுத்த வாரம் வியாழக்கிழமைக்கு முன் எடுங்கள். பழைய நாடாக்கள் இயந்திரத்தில் சிக்கும், ஒரு முறை முழுக்க ஓடவிட்டுப் பிறகு படியுங்கள். காலையில் வெறும் வயிற்றில் காப்பி குடிக்காதீர்கள், உங்களுக்கு ஆகாது. மேடையில் "எனவே" குறையுங்கள். கடவுள் உங்கள் கண்ணைக் காக்கட்டும், இந்த வயதில் நம் இருவருக்கும் மிஞ்சியிருப்பது அதுதான்.

அந்த மூன்று கோடுகளும் எங்கே நின்றன என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசை இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் கையெழுத்தில்லாத கடிதத்துக்குத் தபாலில் பதில் போட முடியாது, கம்பாத்ரே. அனுப்பியவர் முகவரியும் உறையில் இல்லை. பதில் சொல்ல வேண்டும் என்றால் ஆளே வந்துதான் சொல்ல வேண்டும். நவம்பர் கடைசி சனிக்கிழமை, நடுப்பகல், பீடத்துக்கு இடப்பக்கம் ஒரு நாற்காலி. நான் எதிர்ப்பக்கத்தில் நிற்பேன். பேச வேண்டாம். நான் பார்க்கும்போது காலணியைப் பார்க்காதீர்கள்.

தபால் வண்டி பத்து மணிக்கு. நெலிதா பேனாவை நீட்டிக்கொண்டு நிற்கிறாள். வாங்கி மேசைமேல் வைத்துவிட்டேன். பெயர் போடாமலே இதைத் தபாலில் சேர்க்கப் போகிறேன்.